மீட்கும் பொருள்

தமிழில் 'மீட்பு' என்னும் சொல் பழையது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையைப் பின்தொடர்ந்து போய்ப் போரிட்டுத் திருப்பிக் கொணர்வதை நம் முன்னோர் மீட்டல் என்றனர். அதற்கெனக் கரந்தை என்று ஒரு திணையையும் வகுத்தனர். அப்போரில் மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டு வழிபட்டனர். செங்கத்துப் பக்கத்திலும் தருமபுரிப் பக்கத்திலும் அத்தகைய நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. பிற்காலத்தில் அதே சொல் கடைவீதிக்கு வந்தது. அடகு வைத்த நகையை முதலும் வட்டியும் கட்டித் திரும்பப் பெறுவதையும் மீட்பது என்றே சொல்கிறோம். இரண்டிடத்தும் அடிக்கருத்து ஒன்றுதான். நமக்குரியது பிறர் கையில் அகப்பட்டுக் கிடக்கிறது. விலை கொடுத்தாலன்றி அது வீடு திரும்பாது. ஓரிடத்தில் அவ்விலை குருதி, மற்றோரிடத்தில் பணம்.

கிறிஸ்தவ சமயம் தன் நடுநாயகமான கோட்பாட்டைத் தமிழில் சொல்ல முற்பட்டபோது, இந்தச் சொல்லை விரும்பி எடுத்துக்கொண்டது. இரட்சிப்பு என்னும் வடசொல்லும் வழக்கில் இருந்ததுதான். ஆயினும், இயேசு பெருமான் பலருக்காகத் தம் உயிரைக் கொடுக்க வந்தார் என்று சொல்லும் இடத்தில் பழைய தமிழ் விவிலியம் 'மீட்கும்பொருள்' என்னும் அழகிய தொடரை ஆள்கிறது. மூலமாகிய கிரேக்க மொழியில் அவ்விடத்தில் இருப்பது 'லூத்ரோன்' என்ற சொல். அடிமையையோ போரில் பிடிபட்டவனையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகைக்கு அது பெயர்.

தமிழகத்துக்கு வெளியே தில்லியிலும் போபாலிலும் வாழும் நம்மவர், அங்குள்ள கோயில்களில் இந்தியில் வழிபாடு நடக்கும்போது 'முக்திதாதா' என்னும் சொல்லைக் கேட்டிருப்பார்கள். நம் ஊர்க் கோயிலில் மீட்பர் என்று அழைக்கப்படுபவரே அங்கு முக்திதாதா. சொற்கள் இரண்டும் ஒருவரையே சுட்டினும் அவற்றின் சாயல் வேறு. முக்தி என்பது கட்டு அவிழ்வதை நினைவூட்டுகிறது. மீட்பு என்பதோ, அக்கட்டு அவிழ்வதற்கு எவரோ ஒருவர் கொடுத்த விலையை நினைவூட்டுகிறது.

அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற வினா கிறிஸ்தவச் சிந்தனையாளரை நெடுங்காலம் அலைக்கழித்தது. மனிதன் சாத்தானிடம் அடகுப்பட்டிருந்தான், ஆகவே விலையும் சாத்தானுக்கே என்றார், நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நிசா நகரத்து கிரெகோரியார். அவர் காலத்தவரும் நண்பருமான நாசியான்சு கிரெகோரியார் இதை ஒப்பவில்லை. கொள்ளைக்காரனுக்கு இறைவன் கப்பம் கட்டுவதா என்று அவர் சீறினார். தந்தையாகிய இறைவன் தம் மகனுடைய குருதியை விலையாகக் கேட்டார் என்பதையும் அவரால் ஏற்க முடியவில்லை. கான்டர்பரி நகரின் பேராயராக இருந்த அன்செல்ம் 1098-இல் எழுதி முடித்த நூலில் வேறொரு வழியைக் காட்டினார். மனிதன் இறைவனுக்குச் செலுத்த வேண்டிய மதிப்பைச் செலுத்தத் தவறினான். அதை ஈடுசெய்ய அவனுக்கு ஆற்றல் இல்லை. பாவம் அறியாத கிறிஸ்து, சாகக் கடமைப்படாதவராயிருந்தும், தாமாக உயிரைக் கொடுத்தார். கடமை இல்லாமல் கொடுத்ததனாலேயே அது பிறர் கடனுக்கு ஈடாயிற்று என்பது அவர் வாதம். அவருக்குப் பின் வந்த அபெலார், சிலுவையில் தெரிவது கணக்குத் தீர்ப்பது அன்று, அன்பே என்றும், அவ்வன்பைக் கண்ட மனித உள்ளம் அன்பால் பற்றிக்கொள்வதே மீட்பு என்றும் விளக்கினார்.

பள்ளிக்கூட வாதங்கள் போல் தோன்றும் இவற்றை நாம் இங்கு நீட்டப் போவதில்லை. எனினும் இவற்றுள் ஓர் இழை நம் கருத்துக்கு உரியது. துன்பம் பெரிதாக இருந்ததால் அது விலை ஆகவில்லை. தாமாகக் கொடுத்ததால்தான் ஆயிற்று. இதன் பொருளைக் காண ஏட்டை விட்டு, நம் தந்தையரும் பாட்டன்மாரும் உயிரோடு இருந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

1941-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதி. போலந்து நாட்டில் ஜெர்மானிய நாஜிகள் அமைத்திருந்த ஆஷ்விட்ஸ் சிறை முகாம். அது தொடங்கி ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. அந்நாளில் அங்கு அடைபட்டிருந்தவருள் பெரும்பாலோர் போலந்து நாட்டவர். பதினான்காம் கட்டடத்திலிருந்து கைதி ஒருவன் தப்பிவிட்டான் என்று தெரியவந்தது. ஒருவன் தப்பினால் அவனுடன் இருந்தவருள் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்வது என்பது முகாம் அதிகாரிகள் கையாண்ட கொடுந்தண்டனை. கட்டடத்தார் அனைவரும் வெளியில் வரிசையாக நிறுத்தப்பட்டனர். துணைத் தளபதி கார்ல் ஃபிரிட்ஷ் வரிசை வரிசையாக நடந்து, இவன், இவன் என்று பத்துப் பேரைச் சுட்டினான். சுட்டப்பட்டவருள் பிரான்சிஷெக் கயோவ்னிச்செக் என்பவரும் ஒருவர். போலந்துப் படையில் சார்ஜண்டாக இருந்தவர். அப்போது அவருக்கு வயது 39. மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் வாய்விட்டு அலறினார்.

அப்பொழுது வரிசையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். அனுமதியின்றி வரிசையை விட்டு நகர்வதே அங்கு உயிர் போகும் குற்றம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவர் அதிகாரிக்கு எதிரே போய் நின்றார். அழுகின்ற அந்த மனிதருக்குப் பதிலாகத் தாம் சாக விரும்புவதாகச் சொன்னார். நீ யார் என்ற கேள்விக்குத் தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்று விடை சொன்னார். தமக்கு வயதாகிவிட்டது, அவருக்கோ மனைவி மக்கள் உண்டு என்று காரணமும் காட்டினார். அவருக்கு அப்போது 47 வயதுதான். இளமையிலேயே காசநோய் பற்றிய உடல், முகாமின் வேலையிலும் பசியிலும் மேலும் நைந்திருந்தது.

அதிகாரி இதற்கு இணங்கியது இன்றும் வியப்பளிப்பது. இருவரையும் சேர்த்துக் கொல்வதற்கு அவனுக்குத் தடை ஏதும் இல்லை. ஏன் இணங்கினான் என்று அவன் எவரிடமும் விளக்கவும் இல்லை. 5659 என்ற எண்ணுக்குரிய கயோவ்னிச்செக் மீண்டும் வரிசைக்கு அனுப்பப்பட்டார். 16670 என்ற எண் அணிந்த குரு மற்ற ஒன்பது பேருடன் பதினோராம் கட்டடத்தின் நிலவறைக்கு நடந்தார். ஒரு நன்றிச் சொல்லுக்கும் அங்கே நேரம் இல்லை; கண்ணால் மட்டுமே நன்றி கூற முடிந்தது என்று கயோவ்னிச்செக் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அக்குருவின் பெயர் மாக்சிமிலியன் கோல்பே. 1894 ஜனவரி 8-ஆம் நாள் போலந்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சிஸ்கன் துறவியானார், உரோமையில் கற்று 1918-இல் குருப்பட்டம் பெற்றார். அச்சுக்கலையைச் சமயப் பணிக்குப் பயன்படுத்துவதில் பேரார்வம் கொண்டவர். 1922-இல் ஒரு மாத இதழைத் தொடங்கினார். 1927-இல் வார்சா நகருக்கு அருகே நியெபொகலானூவ் என்ற மடத்தை நிறுவினார். அமல அன்னையின் நகர் என்பது அப்பெயரின் பொருள். பத்தே ஆண்டுகளில் அங்கு எழுநூறு துறவியர் வாழ்ந்தனர். அச்சு இயந்திரங்கள் ஓயாமல் ஓடின. 1930-இல் ஜப்பானுக்குச் சென்று நாகசாகியிலும் ஒரு மடம் கண்டார். அங்கிருந்தபடி 1932-இல் நம் நாட்டுக்கும் வந்தார் என்பதைப் பலர் அறியார். எர்ணாகுளத்தில் இறங்கி, மலையாளக் கரையிலும் அத்தகைய மடம் ஒன்று அமைக்க முயன்றார். அம்முயற்சி நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால், கொச்சியிலும் எர்ணாகுளத்திலும் குடியிருக்கும் நம்மவருக்கு அவர் பெயர் அண்டை வீட்டார் பெயர் போல் பழகியிருக்கும்.

அவருடைய வாழ்வை வரைவோர் சிலர் ஒரு செய்தியை விழுங்கிவிடுகின்றனர். அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அவருடைய மடத்திலிருந்து 1935 முதல் வெளிவந்த நாளிதழில் யூதர்மீது காழ்ப்புக் காட்டும் கட்டுரைகள் இடம்பெற்றன. அவரே எழுதியவற்றிலும் அக்காலத்து ஐரோப்பியக் கத்தோலிக்கர் பலரிடம் இருந்த தப்பெண்ணத்தின் நிழல் உண்டு. அதே மடம், போர் மூண்டு ஊர்கள் சிதறியபோது, வீடிழந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது. அவர்களுள் யூதரும் பலர் இருந்தனர் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. மாசற்ற மனிதர்களுக்கு மட்டுமே இத்தகைய செயல் இயலும் என்று நினைத்தால், அதை நாம் நம்மிடமிருந்து வெகுதூரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவோம்.

கோல்பேயின் தந்தை வழியில் ஜெர்மானிய மரபு இருந்தது. அதை முன்னிறுத்திக் கையெழுத்திட்டிருந்தால் ஜெர்மானியக் குடிமக்களுக்கு ஒத்த உரிமைகள் அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் கையெழுத்திடவில்லை. 1941 பிப்ரவரி 17-இல் கைது செய்யப்பட்டு, மே மாதம் 28-இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டார். ஆகவே வரிசையிலிருந்து அவர் எடுத்துவைத்த அந்த ஓரடி, திடீரென்று ஒரு கணத்தில் பிறந்த துணிச்சல் மட்டும் அன்று. தப்பும் வாயில் ஒன்று திறந்திருந்தபோது அதன் வழியே போகாதவர்தான் பின்னர் மரணத்தின் வாயிலை நோக்கித் தாமாக நடந்தார்.

நிலவறையில் நடந்ததை நாம் அறிவது புரூனோ போர்கோவியெக் என்பவர் வாயிலாக. அவரும் ஒரு கைதி. அங்கு மொழிபெயர்ப்பாளராகவும் எழுத்தராகவும் வேலை வாங்கப்பட்டவர். உணவும் நீரும் மறுக்கப்பட்ட அவ்வறையிலிருந்து செபமும் பாடலும் கேட்டன என்றும், பக்கத்து அறைகளில் கிடந்தவர்களும் உடன் சேர்ந்து பாடினர் என்றும், சில வேளைகளில் தாம் ஏதோ கோயிலுக்குள் வந்துவிட்டதாகவே நினைத்தார் என்றும் அவர் சாட்சி கூறினார். நாள் செல்லச் செல்லக் குரல்கள் குறைந்தன. இரண்டு வாரம் கழிந்தபோது நால்வர் எஞ்சியிருந்தனர். அவருள் ஒருவர் கோல்பே. அறை வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. 1941 ஆகஸ்ட் 14-ஆம் நாள் கார்பாலிக் அமிலத்தை ஊசியால் ஏற்றி அவர்களைக் கொன்றனர். கோல்பே தம் கையைத் தாமே நீட்டினார் என்கிறார் போர்கோவியெக். மறுநாள், மரியன்னையின் விண்ணேற்பு விழாவன்று, அவருடைய உடல் எரிக்கப்பட்டது.

அவ்வறையில் இருந்த மற்ற ஒன்பது பேரைப் பற்றி நாம் போதிய அளவு எண்ணுவதில்லை. கோல்பே ஒருவரைக் காப்பாற்றினார் என்கிறோம். ஒன்பது பேரைக் காப்பாற்றவில்லை; அது அவரால் இயலவும் இயலாது. ஆனால் அவர்கள் தனியாகச் சாகவில்லை. குரு ஒருவர் தமக்குரியதல்லாத சாவை ஏற்று அவர்களோடு உள்ளே வந்திருந்தார். சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர் நம்புவதன் இன்னொரு பாதி இங்கே இருக்கிறது. கிறிஸ்து மரணத்திலிருந்து மனிதரை மீட்டார் என்று மட்டும் அவர்கள் சொல்வதில்லை. மனிதர் படும் மரணத்துக்குள் அவரே இறங்கினார் என்றும் சொல்கின்றனர். வெளியே வரிசைக்குத் திரும்பியவருக்குக் கிடைத்தது ஒரு மீட்பு. உள்ளே இருந்தவருக்குக் கிடைத்தது வேறொன்று. அதற்கு மீட்பு என்ற பெயர் பொருந்துமா என்பதைச் சாவின் அருகில் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு இருந்தவர்களே சொல்ல வல்லவர்கள்.

பழைய யூத சமயத்தில் ஆண்டுக்கொரு முறை பாவக்கழிப்பு நாள் வரும். அன்று மக்களின் பாவத்தை ஒரு வெள்ளாட்டின் தலையில் சுமத்தி அதைப் பாலைக்கு ஓட்டிவிடுவர், இன்னொன்றைப் பலியிடுவர். ஆட்டிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. கிறிஸ்தவம் இந்தப் பலிமுறையின் சொற்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் தலைகீழாக்கியது. பலியிடும் குருவும் பலியாகும் பொருளும் ஒருவரே என்றது. தம் உயிரை எவரும் பறிக்கவில்லை, தாமே அதைக் கொடுக்கிறார் என்று இயேசு கூறியதாக யோவானின் நற்செய்தி சொல்வது இதைத்தான். மனமுவந்து கொடுத்தார் என்றால் மகிழ்ந்து கொடுத்தார் என்று பொருளன்று. பிடிபடுவதற்கு முந்திய இரவில், ஒலிவ மரங்களுக்கிடையே, அத்துன்பம் நீங்கிப் போகாதா என்று அவர் மன்றாடினார். வியர்வை குருதித் துளிகள் போல் விழுந்தது என்கிறார் லூக்கா. வேண்டாம் என்று உடல் அஞ்சிய பின்னும் ஆகட்டும் என்று உள்ளம் இசைந்தது. அந்த இசைவையே கிறிஸ்தவர் விலை என்கின்றனர்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணராவிட்டால் பெருங்கேடு விளையும். ஆஷ்விட்ஸ் முகாமில் 1940-க்கும் 1945-க்கும் இடையில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர். அவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் எதற்கும் இசையவில்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் இரயில் வண்டியிலிருந்து இறக்கி நேரே நச்சுப்புகை அறைக்கு அனுப்பினர். இக்கொலைக்கு ஐரோப்பிய மொழிகளில் 'ஹாலகாஸ்ட்' என்ற பெயர் பரவிவிட்டது. கிரேக்க மூலத்தில் அச்சொல்லுக்கு முற்றும் எரிக்கப்பட்ட பலி என்று பொருள். இதனாலேயே யூதருள் பலர் அப்பெயரை வெறுத்து, 'ஷோவா', அதாவது பேரழிவு, என்ற எபிரேயச் சொல்லையே விரும்புகின்றனர். அவர்கள் வெறுப்பது நியாயமே. கொலையைப் பலி என்று அழைப்பது கொலைகாரனைப் பூசாரி ஆக்குவதாகும். கொடுக்காத உயிரைக் கொடுத்ததாக எழுதிவைக்க எச்சமயத்துக்கும் உரிமை இல்லை. நம் வீடுகளிலும் இத்தவறு வேறு உருவில் நடப்பதுண்டு. வாய் திறக்க வழியின்றி உழைத்து ஓய்ந்த பெண்ணைத் தியாகச் செல்வி என்று புகழ்ந்து கடமையை முடித்துக்கொள்கிறோம். அவள் கொடுத்தாளா, அவளிடமிருந்து எடுக்கப்பட்டதா என்று கேட்பதில்லை.

கோல்பேயின் செயலுக்கு என்ன பெயரிடுவது என்பதில் கத்தோலிக்கத் திருச்சபையே தடுமாறியது. கிறிஸ்தவர் போற்றும் தூயோரில் வேதசாட்சி, துதியர் என்று இருவகை உண்டு. சமயத்தின் பொருட்டுக் கொல்லப்பட்டவர் வேதசாட்சி. 1693-இல் ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோவையும், 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டு 2022-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்ற தேவசகாயம் பிள்ளையையும் தமிழர் அவ்வாறே அறிவர். நல்வாழ்வு வாழ்ந்து சமயத்துக்குச் சான்றாக இருந்து இயல்பாக இறந்தவர் துதியர். கோல்பே எவ்வகை? அன்று அவரை அதிகாரி சுட்டவே இல்லை. சமயத்தை மறுதலிக்கும்படி எவரும் அவரை வற்புறுத்தவும் இல்லை. அவரே முன்வந்தார். ஆகவே சட்டப்படி அவர் வேதசாட்சி அல்லர் என்று அறிஞர் கருதினர். 1971 அக்டோபர் 17-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கியபோது துதியர் என்ற நிலையிலேயே வழங்கினார்; எனினும் அன்பின் வேதசாட்சி என்று அவரைப் புகழ்ந்தார்.

புனிதர் பட்டம் வழங்கும் காலம் வந்தபோதும் ஆய்ந்தவர் கருத்து மாறவில்லை. ஆனால் அப்போது பாப்பரசராக இருந்தவர் போலந்து நாட்டவரான இரண்டாம் யோவான் பவுல். ஆஷ்விட்ஸ் இருக்கும் பகுதி, அவர் பேராயராக இருந்த கிராக்கூவ் மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாக அந்நாளில் இருந்தது. 1979-இல் அவர் பாப்பரசராக அங்குச் சென்று, கோல்பே இறந்த பதினெட்டாம் எண் அறையில் மண்டியிட்டிருந்தார். 1982 அக்டோபர் 10-ஆம் நாள் அவர் வேதசாட்சிக்குரிய சிவப்பு உடையணிந்து வந்து, தம் அதிகாரத்தால் கோல்பேயை வேதசாட்சி என்றே அறிவித்தார். மனிதனை இத்தனை திட்டமிட்டு வெறுக்கும் ஆட்சி, மனிதனைப் படைத்தவனையும் வெறுக்கும் ஆட்சியே என்பது அம்முடிவுக்குச் சார்பாகக் கூறப்பட்ட விளக்கம்.

உள்ளம் அம்முடிவை வரவேற்கிறது. ஆயினும், சட்டம் அறிந்தவர்களின் தயக்கத்திலும் ஒரு நுண்மை இருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். வேதசாட்சியின் சாவில் கொல்பவனின் வெறுப்பு அளவுகோல் ஆகிறது. கோல்பேயின் சாவில் அளவுகோல் கொடுப்பவரின் அன்பு. இதற்கென ஒரு தனி இடம் வேண்டியிருந்தது. அது 2017-இல்தான் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 11-இல் பிரான்சிஸ் பாப்பரசர் ஓர் ஆணை பிறப்பித்து, உயிரைக் கையளித்தல் என்பதைத் தனி வகையாக ஏற்படுத்தினார். பிறர்மீது கொண்ட அன்பால், உறுதியாகவும் விரைவிலும் வரவிருக்கும் சாவைத் தாமாக ஏற்றல். அக்கையளிப்புக்கும் சாவுக்கும் நேரிய தொடர்பு இருத்தல் முதலியன அதற்குரிய நிபந்தனைகள். கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளரை விட்டு ஓடாமல் இருந்து மடிந்தவர்கள், வெள்ளத்தில் பிறரைக் கரையேற்றித் தாம் மூழ்கியவர்கள் போன்றோரும் எண்ணப்பெறுவதற்கு இதனால் வழி பிறந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2016 ஜூலையில், அவரும் அதே பதினெட்டாம் அறையில் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்.

இதுவரை கொடுத்தவரைப் பற்றிப் பேசினோம். பெற்றவர் என்ன ஆனார்?

கயோவ்னிச்செக் பிழைத்தார். ஆஷ்விட்ஸில் மேலும் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்து, 1944-இல் சாக்சன்ஹவுசன் என்ற மற்றொரு முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1945-இல் விடுதலை பெற்றார். வீடு தேடி வந்தபோது மனைவி இருந்தார். பிள்ளைகள் இல்லை. எந்தப் பிள்ளைகளை நினைத்து அன்று வரிசையில் அலறினாரோ, அந்த இரு மைந்தரும் அவ்வாண்டுத் தொடக்கத்தில் சோவியத் படையின் குண்டுவீச்சில் இறந்துவிட்டிருந்தனர்.

இவ்விடத்தில் நம் உள்ளம் திகைக்கிறது. இவருக்கு மனைவி மக்கள் உண்டு என்று சொல்லித்தானே கோல்பே தம் உயிரைக் கொடுத்தார்? அம்மக்கள் தந்தையைக் காணாமலே மாண்டனர் என்றால், கொடுத்த விலை வீணாயிற்றா? அடகுக் கடைக் கணக்கில் பார்த்தால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே திருடன் எடுத்துப் போனது போன்ற கதை அது. மீட்பைக் கொடுக்கல் வாங்கலாக மட்டும் கருதும் எந்த விளக்கமும் இங்கே இடறி விழுகிறது. கிறிஸ்தவ நம்பிக்கை, மீட்கப்பட்டவனுக்கு இனித் துயரம் இல்லை என்று ஒருநாளும் உறுதி கூறியதில்லை. அது கூறுவதெல்லாம், நீ விலை கொடுத்துப் பெறத்தக்கவன் என்று ஒருவர் உன்னைக் கருதினார் என்பதே. முகாமில் 5659 என்ற எண்ணாக மட்டும் இருந்த ஒருவரை, மற்றொருவர் தம் உயிருக்கு ஒப்பாக மதித்தார். அம்மதிப்பை எந்தக் குண்டும் அழிக்க முடியாது.

ஆனால் அதைச் சுமப்பது எளிதன்று. தாம் பிழைக்க இசைந்ததால் கோல்பேயின் சாவுக்குத் தாமே கையெழுத்திட்டது போல் ஆயிற்றே என்ற வேதனை நெடுநாள் தம்மை வாட்டியதாகக் கயோவ்னிச்செக் கூறியிருக்கிறார். கொடுப்பவர் தாமாகக் கொடுக்கிறார்; பெறுபவருக்கோ அன்று தேர்ந்துகொள்ளும் உரிமையே கிடைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்கு ஒரு கணம் தரப்படவில்லை. பெற்றதை ஏற்றுக்கொள்ளும் இசைவு அவருக்குப் பின்னர்தான், சிறிது சிறிதாக, வந்தது. கொடுக்கும் உள்ளத்தைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளாக நூல் எழுதிய அறிஞர்கள், பெறும் உள்ளம் படும் பாட்டைப் பற்றி இன்னும் சற்று எழுதியிருக்கலாம்.

அவர் மனைவியுடன் மேலும் முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அவ்வம்மையார் 1977-இல் காலமானார். 1971-இல் உரோமையில் நடந்த விழாவிலும் 1982-இல் நடந்த விழாவிலும் கயோவ்னிச்செக் கூட்டத்தினரிடையே இருந்தார். தமக்காக இறந்த ஒருவர் புனிதர் என்று அறிவிக்கப்படுவதைக் கண்ணால் காணும் பேறு வரலாற்றில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்! அழைத்த ஊருக்கெல்லாம் அவர் சென்றார். அட்லாண்டிக் கடலைக் கடந்தும் போனார். சென்ற இடமெல்லாம் அன்று வரிசையில் நடந்ததைச் சொன்னார். பேச்சில் வல்லவர் அல்லர். புதிதாகச் சொல்ல வேறு செய்தியும் இல்லை. அதே நாள், அதே வரிசை, அதே ஓரடி. நிலவறையின் வாயில் மூடிய பிறகு அவர் வாழ்ந்த ஆண்டுகள் ஐம்பத்து மூன்றுக்கு மேல். 1995 மார்ச் 13-ஆம் நாள், 93-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

கோல்பேக்குக் கல்லறை இல்லை. முகாமின் சாம்பலோடு சாம்பலாக அவர் கலந்துவிட்டார். அவர் நிறுவிய நியெபொகலானூவ் மடத்தின் கல்லறைத் தோட்டத்தில், துறவியரின் கல்லறைகளுக்கிடையே, கயோவ்னிச்செக் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.